செல்ஃப் எடுத்தும் ஸ்டார்ட் ஆகாமை: பழைய பெட்ரோல் கார்

ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை நன்றாகச் சுற்றியும் எஞ்சின் தானாக ஓடத் தொடங்காத கோளாறு இது. 'டக்' என்ற ஒலியோடு செல்ஃப் நின்றுபோவது இதில் சேராது. அது பேட்டரி, சொலினாய்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் சார்ந்த வேறு கோளாறு. இங்கே பேசப்படுபவை கார்பரேட்டரும் பாயிண்ட்டும் கொண்ட வண்டிகள்: 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரின் பழைய பெட்ரோல் வகைகள், மும்பை குர்லாவில் தயாரான பிரிமியர் பத்மினி, 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800இன் தொடக்ககால வண்டிகள்.

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்குச் சரியான நேரத்தில் தீப்பொறி, எரியக்கூடிய கலவை, சிலிண்டரில் போதிய அழுத்தம் ஆகிய மூன்றும் வேண்டும். எது இல்லை என்று தெரிவதற்கு முன் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. எடுத்த எடுப்பில் கார்பரேட்டரைக் கழற்றும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது தேவையில்லாத வேலை. பெட்ரோல் வரத்து குறைந்தால் வண்டி பொதுவாக இழுத்து இழுத்துத்தான் நிற்கும். சட்டென்று நின்றால் தீப்பொறிக்கான கரண்ட் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். கரண்ட்டைச் சோதிப்பதும் எளிது.

செல்ஃப் அடிக்கும் ஒலி

நல்ல எஞ்சினில் செல்ஃப் அடிக்கும்போது ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தும் இடத்தில் ஒலி சற்றுத் திணறி ஏறி இறங்கும். திணறலே இல்லாமல் விர்ரென்று சுற்றினால் அழுத்தம் இல்லை என்று பொருள். மாருதி 800 போன்ற டைமிங் பெல்ட் வண்டியில் பெல்ட் அறுந்திருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தால் உறுதியாகிவிடும்: உள்ளே ரோட்டர் சுற்றவில்லை என்றால் பெல்ட்டோ செயினோ டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் பல்லோ போயிருக்கிறது.

மெதுவாக, சோர்ந்து சுற்றினால் பேட்டரியைப் பார்க்க வேண்டும். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், எஞ்சின் சுற்றினாலும் காயிலுக்குப் போதிய கரண்ட் கிடைக்காது. இன்னொரு அறிகுறியும் உண்டு. சாவியை விடும் நொடியில் மட்டும் எஞ்சின் ஒருமுறை பற்றுவது போல இருந்தால், செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு மின்சாரம் சரியாகப் போகவில்லை.

கரண்ட்

இந்த வண்டிகளின் தீப்பொறி அமைப்பு அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கியது. 1910 மாடல் காடிலாக் காரில் அது வந்தது. அதே காரின் 1912 மாடலுக்கு மின்சார ஸ்டார்ட்டரைத் தந்தவரும் அவரே. பேட்டரியின் 12 வோல்ட் காயிலின் முதல் சுற்றில் ஓடுகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுபட்டு, இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. அதை ரோட்டர் உரிய பிளக்குக்கு அனுப்புகிறது. இந்தியக் கார்களுக்கான டிஸ்ட்ரிபியூட்டர்களும் ஸ்டார்ட்டர் மோட்டார்களும் சென்னை பாடியிலுள்ள லூகாஸ் டிவிஎஸ் ஆலையில் செய்யப்பட்டன.

சோதனைக்கு முன் அருகில் சிந்திய பெட்ரோல் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும் தடித்த வயரைப் பிடுங்கி, ரப்பர் கைப்பிடியுள்ள குறடால் பிடித்து, அதன் முனையை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பிலிருந்து 5, 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. நீல நிறத்தில் சடசடவென்று பொறி வந்தால் காயிலும் பாயிண்ட்டும் நலம். மஞ்சளாக, மெலிந்து வந்தால் பாயிண்ட்டோடு இணைந்த கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். பொறியே இல்லை என்றால் காயிலிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லாம்ப் வைத்து செல்ஃப் அடிக்க வேண்டும். லாம்ப் விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. அணையாமல் எரிந்தால் பாயிண்ட் சேரவில்லை, அல்லது முகத்தில் அழுக்கு. எரியவே இல்லை என்றால் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்காமலோ எர்த் ஆகியோ இருக்கிறது.

மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியில் பெரும்பாலும் குற்றவாளி பாயிண்ட்தான். அதன் முகத்தில் படியும் சாம்பல் நிறப் படலம் கண்ணுக்கு ஒன்றுமில்லாதது போலத் தெரியும். 12 வோல்ட்டைத் தடுக்க அது போதும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள அம்பாசிடருக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடும் விழுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. பாயிண்ட்டோடு கண்டென்சரையும் மாற்ற வேண்டும்.

காயில் வயரில் நல்ல பொறி இருந்தும் பிளக் வயரில் இல்லை என்றால் தவறு ரோட்டரிலோ மூடியிலோ இருக்கிறது. மழைக்காலத்தில் மூடிக்குள் ஈரம் கோக்கும். உலர்த்திய பிறகும் சரியாகாவிட்டால் உட்புறத்தில் பென்சில் கோடு போன்ற கரிய தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரண்ட் அந்த வழியாகக் கசிகிறது. அந்த மூடி இனி உதவாது.

பெட்ரோல்

செல்ஃப் அடித்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை, அல்லது ஓவர்ஃப்ளோ. ஓவர்ஃப்ளோ என்றால் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி, சோக் போடாமல், செல்ஃப் அடிக்க வேண்டும். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. காயில் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, கார்பரேட்டருக்கு வரும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கார்பரேட்டரின் ஊசி வால்வோ ஜெட்டோ அடைத்திருக்கிறது. பீய்ச்சாவிட்டால் ஏ.சி. பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், வடிகட்டி, டேங்கிலிருந்து வரும் குழாய் என்று பின்னோக்கிப் போக வேண்டும். டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்ததே காரணம்.

சூட்டில் மட்டும் நின்று, ஆறியதும் ஓடும் வண்டி பலரைக் குழப்பும். கோடையில் பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆவது ஒரு காரணம். பம்ப்பின் மேல் ஈரத்துணி போடும் அம்பாசிடர் ஓட்டுநர்களின் வழக்கம் இதற்கானதுதான். சூடேறினால் உள்ளுக்குள் அறுபடும் காயிலும் இதே அறிகுறியைக் காட்டும். வண்டி நின்ற உடனே, சூடு ஆறுமுன் பொறியைச் சோதித்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

டைமிங்

பொறியும் பெட்ரோலும் இருந்து, கார்பரேட்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ வெடித்தால் டைமிங் தவறு. பெரும்பாலும் பிளக் வயர்கள் மாறியிருக்கும். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் எரியும் வரிசை 1-3-4-2. மூன்று சிலிண்டர் மாருதிக்கு 1-3-2. டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கும் போல்ட் தளர்ந்து அது திரும்பியிருப்பதும் உண்டு.

எத்தனால்

2025இல் இந்தியப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரை ஊறவைத்து வெடிக்கச் செய்யும். இந்தப் பழைய வண்டிகளின் பம்ப் டயஃப்ரமும் ஹோஸ்களும் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. நீண்ட நாள் நின்ற காரை ஸ்டார்ட் செய்ய முயலும் முன் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, எத்தனால் தாங்கும் ஹோஸ்களைப் போட்டுவிடுங்கள். வெடித்த ஹோஸிலிருந்து கசியும் பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்திலேயே சொட்டும் வண்டிகள் உண்டு; தீயணைப்பானைக் கையெட்டும் இடத்தில் வைக்காமல் இந்தச் சோதனைகள் எதையும் தொடங்காதீர்கள்.