33 பக்கக் கடிதம்

சிறப்புப் பள்ளியில் சேர்க்கைப் படிவம் நிரப்புவது என் வேலை. குழந்தைக்குப் பேச்சு எப்போது வந்தது என்று கேட்டால் சிலர் ஃபைலையே நீட்டுவார்கள். சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா, "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்னு மாமியா சொன்னாங்க டீச்சர்" என்றார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது.

ஃபைல் நீட்டும் பெற்றோர் அன்றும் உண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பியின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர் வழக்கறிஞர் ஒருவர் 1938-இல் தன் மகன் டொனால்டைப் பற்றி 33 பக்கம் தட்டச்சில் எழுதி, பால்டிமோரில் இருந்த மருத்துவர் லியோ கேனருக்கு அனுப்பினார். அவர் மனைவியின் குடும்பத்தார் ஊர் வங்கியின் சொந்தக்காரர்கள். ஆட்டிசம் பற்றி 1943-இல் கேனர் எழுதிய கட்டுரையில் முதல் பிள்ளை டொனால்டுதான். அதில் இருந்த 11 பிள்ளைகளின் தகப்பன்மாரில் நால்வர் மனநல மருத்துவர்கள். தாய்மாரில் 9 பேர் பட்டதாரிகள், அந்தக் காலத்தில்!

அவ்வளவு தூரம் ரயிலேறி வர யாரால் முடிந்தது என்று கேனர் யோசித்திருக்கலாம். பிறவிக் குறை என்று முதலில் எழுதியவரே, 1949-இல் பெற்றோரின் பாசக் குறைவைப் பேசி, ஃப்ரிட்ஜில் வைத்த பிள்ளைகள் என்று உவமை சொன்னார். படித்த தாய்மார் தலையில் அந்தப் பழி இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தது. புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் அதைப் புத்தகமாகவே போட்டார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

லண்டனில் ஆய்வாளர்கள் லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் கிளினிக்கில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. கேம்பர்வெல் வட்டாரத்தின் பதிவேடுகளை எடுத்து, குறையுள்ள பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். விங்கின் மகளுக்கும் ஆட்டிசம். 1980-இல் விங் எழுதினார்: கிளினிக்குக்கு வந்தவர்களும் பெற்றோர் சங்கத்தில் சேர்ந்தவர்களும் மேல்தட்டுக்காரர்கள், வட்டாரத்தில் தேடிக் கண்ட பிள்ளைகளின் தகப்பன்மாரோ ஊரில் எல்லாரையும் போலத்தான். அமெரிக்காவில் வெள்ளையரல்லாத பிள்ளைகள் கணக்குக்குள் வர இன்னும் நாளானது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாகக் கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் வெள்ளையரைத் தாண்டியது.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் ஆட்டிசமே கிடையாது. 2016 சட்டத்தின் பட்டியலில்தான் சேர்ந்தது.

அந்த அம்மாவிடம் திரும்பக் கேட்டேன். "சின்னதுல என்ன பண்ணுவான்?"

"எவர்சில்வர் தட்டைச் சுத்தி விட்டுட்டு அதையே பாத்துட்டு இருப்பான்."

சட்டியும் கட்டையும் கையில் கிடைத்தால் சுற்றிவிடுவான் என்று டொனால்டின் அப்பாவும் எழுதியிருந்தார். படிவத்தில் இடம் போதவில்லை. பின்பக்கம் திருப்பி எழுதினேன்.