கொக்கோ விளைத்த நாடும் விலை குறித்த நாடுகளும்



உலக நாடுகளைச் செல்வ நாடுகள் என்றும் வறிய நாடுகள் என்றும் பிரித்துப் பேசுகின்றோம். இவ்வேற்றுமை எங்ஙனம் உண்டாயிற்று? வறிய நாட்டு மக்கள் உழைப்பதில்லை என்பார் சிலர். வகுப்பறையில் இவ்வினா எழும்போதெல்லாம் நான் கானா நாட்டின் வரலாற்றையே எடுத்துரைப்பது வழக்கம்.

கானா மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் அதற்குத் தங்கக் கரை என்று பெயர். 1879-ஆம் ஆண்டில் டெட்டே குவார்ஷி என்னும் கொல்லர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொக்கோ விதைகளைக் கொணர்ந்து பயிரிட்டார் என்று அந்நாட்டார் இன்றும் போற்றுவர். காட்டைத் திருத்திக் கொக்கோ வளர்த்தவர்கள் பெருந்தோட்ட முதலாளிகள் அல்லர். சிறு குடியானவர்களே ஆவர். 1911-ஆம் ஆண்டிற்குள் அந்நாடு கொக்கோ ஏற்றுமதியில் உலகில் முதலிடம் பெற்றது. இதனைச் சோம்பல் என்று எவரேனும் கூறுவரோ?

விளைத்தவர் அவர், விலை குறித்தவரோ வேறொருவர். 1937-ஆம் ஆண்டில் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் பல, தம்முள் போட்டியின்றிக் கொள்முதல் செய்வதென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. குடியானவர்கள் கொக்கோவை விற்க மறுத்தனர். ஐரோப்பியப் பண்டங்களையும் வாங்க மறுத்தனர். பல திங்கள் நீடித்த இம்மறுப்பின் பயனாக, 1938-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு விசாரணைக் குழு ஒன்றை அனுப்ப நேர்ந்தது.

1957-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள் கானா விடுதலை பெற்றது. குவாமே நிக்ருமா தலைமையில் பள்ளிகள், சாலைகள், அக்கொசொம்போ அணை ஆகியன எழுந்தன. இவற்றிற்கு வேண்டிய பொருளின் பெரும்பகுதி கொக்கோவிலிருந்தே வரவேண்டியிருந்தது. 1964-65 பருவத்தில் விளைச்சல் ஐந்து லட்சம் டன்னைக் கடந்தது. ஆனால், சந்தையில் கொக்கோ மிகுந்தது; 1965-ஆம் ஆண்டில் உலக விலை பெருவீழ்ச்சி கண்டது. மிகுதியாக விளைத்தும் நாடு கடன்பட்டது. 1966-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிக்ருமாவின் ஆட்சி கவிழ்ந்தது. ஆட்சியின் தவறுகளும் அதற்குக் காரணமே. எனினும், விலை வீழ்ச்சியின் பங்கு சிறிதன்று.

இந்நிலையின் உட்பொருளை அர்ஜென்டினப் பொருளியலறிஞர் ரவுல் பிரெபிஷ் 1950-ஆம் ஆண்டளவிலேயே விளக்கினார். மூலப்பொருளின் விலை, செய்பொருளின் விலையோடு ஒப்பிடுங்கால் நாளடைவில் தாழ்கின்றது; ஆதலின் அதே இயந்திரத்தை வாங்க வறிய நாடு மேலும் மேலும் மூட்டைகளை அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதே அவர் கருத்து. 1964-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் வணிக, வளர்ச்சி மாநாடு அவரைப் பொதுச் செயலாளராகக் கொண்டு கூடியது. வளரும் நாடுகள் 77 ஒன்றுசேர்ந்து ஓர் அணியாயின. நம் இந்தியாவும் அவற்றுள் ஒன்று.

நிற்க. இன்றைய நிலை யாது? பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் கொக்கோ விளைவதில்லை. ஆயினும் சாக்லேட் ஏற்றுமதியில் அவை முன்னணியில் நிற்கின்றன. 2019-ஆம் ஆண்டில் கானாவும் ஐவரி கோஸ்டும் இணைந்து, குடியானவர் நல்வாழ்விற்காக டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகத் தரவேண்டும் என அறிவித்தன. 2024-ஆம் ஆண்டில் விலை டன்னுக்கு 10,000 டாலரையும் கடந்தது. ஆனால் நோயாலும் பருவநிலையாலும் விளைச்சல் குன்றியமையாலன்றோ அவ்விலை ஏறிற்று! விலை வந்தபோது விற்பதற்குச் சரக்கில்லை.

உழைப்பு மட்டும் ஒரு நாட்டை உயர்த்திவிடாது. விளைபொருளைச் செய்பொருளாக்கும் தொழிலறிவும், விலை பேசும் ஒற்றுமையும் உடன் வேண்டும். கானாவின் குடியானவர்கள் 1937-ஆம் ஆண்டிலேயே இவற்றுள் இரண்டாவதை அறிந்திருந்தனர். முதலாவதைத் தேடுவது இன்று அந்நாட்டுக் கல்லூரிகளில் பயிலும் உங்களையொத்த இளைஞர்களின் பணியாக இருக்கின்றது.