எலியிலிருந்து வந்த வைரஸ்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஹெச்பிவி வைரஸும், கல்லீரல் புற்றுநோய்க்கு ஹெபடைட்டிஸ் 'பி', 'சி' வைரஸ்களும் காரணமாகின்றன என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. ஹெச்பிவி-யின் பங்கைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் ஸுர் ஹாவ்சனுக்கு 2008-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. காரணம் தெரிந்ததால் தடுப்பூசியும் கிடைத்தது.

அப்படியானால், முதிய ஆண்களை அதிகம் பாதிக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் ஏதேனும் வைரஸ் காரணமாக இருக்குமா?

2006-ஆம் ஆண்டு இக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகவே தோன்றியது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் சில்வர்மன், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் டெரிசி உள்ளிட்டோர் 86 நோயாளிகளின் புராஸ்டேட் கட்டிகளை ஆராய்ந்தனர். வைரஸ்களை எதிர்க்கும் நொதி ஒன்றுக்கான மரபணுவில் குறைபாடு உடைய 20 பேரில் எட்டுப் பேரிடம் புதிய வைரஸின் தடயம் தென்பட்டது. மற்ற 66 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது காணப்பட்டது. எலிகளின் வைரஸை ஒத்திருந்த அதற்கு எக்ஸ்எம்ஆர்வி எனப் பெயரிடப்பட்டது.

2009-இல், நாள்பட்ட சோர்வு நோயாளிகளின் ரத்தத்திலும் அந்த வைரஸ் இருப்பதாக 'சயின்ஸ்' இதழில் மற்றொரு குழு அறிவித்தது. அச்சம் பரவியது. அந்நோயாளிகள் ரத்த தானம் செய்வதைத் தவிர்க்குமாறு அமெரிக்காவில் அறிவுறுத்தப்பட்டது. சிலர் எய்ட்ஸ் நோய்க்கான மருந்துகளையே உட்கொள்ளத் தொடங்கினர்.

ஆனால், வேறு பல ஆய்வகங்கள் தேடியபோது வைரஸ் அகப்படவில்லை. 2011-இல் புதிர் அவிழ்ந்தது. 1990-களில், மனிதப் புராஸ்டேட் கட்டி ஒன்றை ஆய்வுக்காக எலிகளின் உடலில் ஒட்டி வளர்த்தனர். அப்போது எலியின் மரபணுத் தொகுதியில் உறைந்திருந்த இரு வைரஸ் துணுக்குகள் இணைந்து எக்ஸ்எம்ஆர்வி உருவாகியிருந்தது. அக்கட்டியிலிருந்து பெறப்பட்ட செல்கள் பல ஆய்வகங்களில் பயன்பாட்டில் இருந்தன. நோயாளிகளிடம் கண்டதாகக் கருதப்பட்ட தடயம், உண்மையில் ஆய்வகத்திலேயே மாதிரிகளில் கலந்த மாசு. 'சயின்ஸ்' கட்டுரை 2011-ஆம் ஆண்டிலும், 2006-ஆம் ஆண்டு கட்டுரை 2012-ஆம் ஆண்டிலும் திரும்பப் பெறப்பட்டன. முதல் கட்டுரையின் பிழையை நிறுவிய மறு ஆய்வில் சில்வர்மனும் பங்கேற்றார் என்பது போற்றத்தக்கது.

ஒரு வைரஸ் கட்டியில் காணப்படுவது வேறு. அக்கட்டியை அது உண்டாக்கியது என்பது வேறு. வெவ்வேறு ஆய்வகங்களும் அதைக் காண வேண்டும். புற்றுநோய்க்கு முன்பே தொற்று இருந்திருக்க வேண்டும். வைரஸ் செல்லைக் கெடுக்கும் வழி விளங்க வேண்டும். தொற்றைத் தடுத்தால் நோய் குறைய வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஹெச்பிவி இத்தனை சோதனைகளையும் கடந்தது. புராஸ்டேட் கட்டிகளிலும் ஹெச்பிவி இருப்பதாகச் சில ஆய்வுகள் கூறினாலும், முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் காரணம் என எந்த வைரஸும் இதுவரை நிறுவப்படவில்லை.

உறுதியாகத் தெரிந்த அபாயக் காரணிகளில் முதுமை, குடும்பத்தில் அந்நோய் இருத்தல், பிஆர்சிஏ2 போன்ற மரபணு மாற்றங்கள் ஆகியவை அடங்கும். தொடக்க நிலையில் பெரும்பாலும் அறிகுறி இராது. எனவே ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள், தந்தைக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்திருப்பின் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையின் நன்மை, வரம்பு குறித்து மருத்துவருடன் பேசுவது நலம்.

'புற்றுநோய்க்குப் புதிய காரணம் கண்டுபிடிப்பு' என்ற செய்தியை இனி வாசிக்கும்போது, அதை வேறு எவரேனும் சரிபார்த்தார்களா என்று கேட்போம். அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால், தேவையற்ற மருந்துகளைச் சிலர் விழுங்கியிருக்க மாட்டார்கள்.