புத்த கயையின் அரசமரம்

மகாபோதி ஆலயத்தின் மேற்குச் சுவரை அடுத்து இன்று நிழல் பரப்பி நிற்கும் அரசமரத்தை, சித்தார்த்தர் ஞானம் பெற்ற அதே விருட்சமென்று எண்ணிக் கைகூப்பும் யாத்திரிகர் பலர் உண்டு; ஆயினும் ஒன்று வீழ மற்றொன்றை நட்டுவந்த பரம்பரையையே அந்த ஸ்தலத்தின் சரித்திரம் காட்டுகிறது.

ஏழாம் நூற்றாண்டில் அங்கே சென்ற சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதியிருப்பதன்படி, கௌட மன்னன் சசாங்கன் மரத்தை வெட்டி, நீர் ஊறும் ஆழம்வரை தோண்டியும் வேரின் முடிவைக் காணாமல், எஞ்சியதைத் தீயிட்டு, மறுபடி துளிர்க்காதிருக்கக் கருப்பஞ்சாற்றையும் ஊற்றினான். பின்னர் மகத மன்னன் பூர்ணவர்மன் ஆயிரக்கணக்கான பசுக்களின் பாலைப் பெய்விக்க, ஓர் இரவில் மரம் பத்தடி உயரம் எழுந்ததாம். இரவும் பத்தடியும் பக்தியின் மிகையாகலாம். ஆனால் கோபுர இடுக்கில் முளைத்த அரசைக் களைய முயன்று தோற்ற நம் ஊர்த் தர்மகர்த்தர் எவரும், வேர் துளிர்த்தது என்பதில் அதிசயம் காணமாட்டார். பூர்ணவர்மன் அதைச் சுற்றி 24 அடி மதில் எழுப்பினான் என்பது, பாலைவிட எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது.

1811-இல் ஆங்கிலேய அரசின் ஆய்வாளர் புகானன் கண்டபோது செழிப்பாயிருந்த மரம், 1862-இல் தொல்பொருள் ஆய்வாளர் கன்னிங்காம் பார்க்கையில் மேற்குப் பக்கத்துக் கிளைகள் மட்டும் பசுமையாய், மற்றவை பட்டையுதிர்ந்து உளுத்திருந்தது. 1876-இல் ஒரு புயல் அந்த மிச்சத்தையும் மதிலின்மேல் சாய்த்துவிட்டது. இன்றைய மரம் 1881-இல் நடப்பட்டதென்பர். அசோகன் காலத்தில் அவன் மகள் சங்கமித்தை யாழ்ப்பாணக் கரையிலுள்ள ஜம்புகோளத்தில் இறக்கி அநுராதபுரத்துக்குக் கொண்டுசென்ற கிளையின் சந்ததியே திரும்பவும் இங்கே வந்ததென்று சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. கேட்க இனிமையான செய்திதான். ஆனால் பழைய மரத்தின் விதைகள் முன்பே சேகரிக்கப்பட்டு, அதன் கன்றுகள் தயாராக இருந்தன என்றே கன்னிங்காம் எழுதியிருக்கிறார். ஸ்தலத்தில் இருந்தவரின் வாக்கையே நான் ஏற்கிறேன்.

இன்று பாரம் மிகுந்த கிளைகளை இரும்புத் தாங்கிகள் ஏந்துகின்றன. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார் வந்து பரிசோதிக்கிறார்கள். நம் ஊர்க் குளக்கரை அரசு உளுக்கத் தொடங்கியிருக்குமானால், புயலுக்குக் காத்திராமல் அதன் கன்றொன்றை இப்போதே வளர்த்து வையுங்கள்.