நகரம் புகுந்த கிளிகள்

கிளியென்றதும் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று தோப்பிலே பழம் கொத்தும் கிளி. மற்றொன்று கூண்டிலே அடைபட்டுப் பேசும் கிளி. கூண்டிற்கென்று பிடிக்கப்பட்ட கிளிகள் அதனின்றும் தப்பி, ஒரு மாநகரையே தம் காடாக்கிக்கொண்ட வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலே, கலிபோர்னியாவின் தென்பாகத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் மாநகரம் அமைந்துள்ளது. உறைபனி அரிதாகிய வெப்பமான நிலம் அது. அதனை அடுத்துள்ள பசடீனா, தெம்பிள் சிற்றி முதலிய ஊர்களிலே, பொழுது சாயும் வேளையில் நூற்றுக்கணக்கான கிளிகள் பேரிரைச்சலுடன் வந்து தெருவோர மரங்களில் அடைகின்றன. பச்சை உடலும் சிவந்த உச்சியுங் கொண்ட இவற்றைச் செந்தலைக் கிளிகள் எனலாம்.

இவை அம்மண்ணுக்கு உரியனவல்ல. இவற்றின் தாயகம் வடகிழக்கு மெக்சிக்கோவின் காடுகளாகும். ஐக்கிய அமெரிக்காவுக்கே உரியதாயிருந்த கரோலினாக் கிளியினம் முன்னரே அழிந்துவிட்டது. அவ்வினத்தின் இறுதிப் பறவையெனக் கருதப்படுவது, 1918ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆந் திகதி சின்சினாற்றி மிருகக்காட்சிச்சாலையின் கூண்டிலே உயிர் நீத்தது. சொந்தக் கிளியை இழந்த நாடு, பின்னர் அயல்நாட்டுக் கிளியை விலைகொடுத்து வாங்கிற்று. 1970 முதல் 1982 வரை 16,000க்கு மேற்பட்ட செந்தலைக் கிளிகள் சட்டப்படி இறக்குமதியாயின. களவாக வந்தவை வேறு. குஞ்சுகளை எடுப்பதற்காகக் கூடு இருந்த மரத்தையே வெட்டி வீழ்த்துவாரும் இருந்தனர். அதனால் பறவையும் குறைந்தது. அது முட்டையிடுதற்கேற்ற மரப்பொந்தும் குறைந்தது. காட்டு நிலங்கள் பயிர்நிலங்களாக மாறியமை அவ்வழிவை விரைவுபடுத்திற்று.

வாங்கிய கிளிகளுட் பல தப்பின. சிலவற்றை உடையவர்களே விடுவித்தனர். 1959இல் பசடீனாவில் ஒரு நாற்றுப்பண்ணை தீப்பற்றியபோது திறந்துவிடப்பட்ட கிளிகளின் வழிவந்தவையே இவையென ஒரு கதை வழங்குகின்றது. கதை சுவையானது, எனினும், பல இனக் கிளிகள் பல ஊர்களிலே பரந்து வாழ்தற்கு ஒரு தீ மட்டும் காரணமாகாது. பல்லாண்டு நடந்த வாணிகமே அதன் உண்மையான காரணமாகும்.

வறண்ட அந்நிலத்திலே இவை பிழைத்தமைக்கும் மனிதனே காரணம். நீர் கொணர்ந்து, அயல்நாட்டு மரங்களை நட்டு, நகரைச் சோலையாக்கியவன் அவன். அத்தியும் பிற பழமரங்களும் குடிவந்த கிளிகளுக்கு உணவாயின. முதிய மரங்களின் பொந்துகள் கூடாயின.

நெடுங்காலம் அறிஞர் பலர் இவற்றைக் கூண்டு தப்பியவையென்று ஒதுக்கினர். 1994இல் லொஸ் ஏஞ்சலிஸ் இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த கிம்போல் கரெற் என்பார் இவற்றை ஆராயும் முயற்சியைத் தொடங்கினார். பின்னர் ஒக்சிடென்டல் கல்லூரியின் மூர் விலங்கியல் ஆய்வகம், கண்ட கிளிகளைப் படம்பிடித்து உதவுமாறு பொதுமக்களை வேண்டிற்று. அத்தகைய படங்களின் பயன் பெரிது. சூரியனுக்கு எதிராகப் படம்பிடித்தால் கிளி வெறும் கரிய நிழலாகவே பதியும். சூரியன் படம்பிடிப்பவரின் முதுகுப்புறம் இருப்பின் நெற்றியின் நிறம் தெளியும். நெற்றி கருஞ்சிவப்பாகவும் வால் நீண்டும் இருந்தால், அது மெக்சிக்கோவின் மேற்குப் பகுதிக்குரிய வேறோர் இனம். தாயகத்திலே பிரிந்து வாழும் இவ்விரு இனங்களும் நகரிலே கலந்து குஞ்சு பொரிக்கின்றன.

1992இல் ஐக்கிய அமெரிக்கா காட்டுப் பறவைகளின் இறக்குமதியைச் சட்டத்தாற் கட்டுப்படுத்திற்று. 2008இல் மெக்சிக்கோ தன் கிளிகளைப் பிடித்தலையும் விற்றலையும் தடைசெய்தது. ஆயினும் செந்தலைக் கிளி இன்றும் அழியும் நிலையிலுள்ள இனமே. தென் கலிபோர்னியாவில் வாழ்வனவற்றின் தொகை, தாயகத்தில் எஞ்சியவற்றின் தொகைக்கு ஈடாகவோ மேலாகவோ இருக்கலாமென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

அவ்வாறாயின், பசடீனாவின் துயில் கலைக்கும் இப்பறவைகளை வேண்டா விருந்தென்று கொள்வதா, ஓர் இனத்தின் எஞ்சிய வித்தென்று காப்பதா? இவ்வினா இன்னும் தீரவில்லை. ஆயினும், மாலையிலே ஒரு மரத்தடியில் நின்று, கூட்டை அணுகாது, நாளும் இடமும் குறித்துப் படமெடுப்பவர், விடை காண வேண்டிய சான்றைச் சேர்த்துவைக்கின்றார். கரோலினாக் கிளிக்கு அவ்வாறு சேர்த்தவர் மிகச் சிலரே.