பாட்ரிசியா பாத்

பாட்ரிசியா பாத் (4 நவம்பர் 1942 – 30 மே 2019) அமெரிக்கக் கண் மருத்துவர், ஆய்வாளர், பேராசிரியர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தார். டிரினிடாட்டிலிருந்து குடியேறிய இவரது தந்தை அந்நகரின் சுரங்க ரயில் ஓட்டுநராக இருந்தார். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று 1968இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஹார்லெம் மருத்துவமனையிலும் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவமனையிலும் இவர் பணியாற்றினார். ஹார்லெமுக்கு வந்த கண் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பார்வை இழந்தோ பார்வை குன்றியோ இருந்தனர். கொலம்பியாவில் அத்தகையோர் மிகச் சிலரே. இரண்டும் ஒரே மான்ஹாட்டனில் இருந்த மருத்துவமனைகள். இந்த வேறுபாட்டை ஆராய்ந்த பாத், கறுப்பின மக்களிடையே பார்வையிழப்பு இரு மடங்காக இருப்பதைக் கண்டார். சிகிச்சை எட்டாததே முக்கியக் காரணம் என்பது அவரது முடிவு. ஹார்லெம் மருத்துவமனையில் அப்போது கண் அறுவை சிகிச்சையே நடைபெறவில்லை. தம் பேராசிரியர்களிடம் பேசி, கட்டணமின்றி அங்கு அறுவை சிகிச்சை செய்ய அவர்களை இணங்க வைத்தார். தாமும் ஊதியமின்றி உதவினார். 1970இல் அங்கு முதல் பெரிய கண் அறுவை சிகிச்சை நடந்தது.

இந்த அனுபவத்திலிருந்தே சமுதாயக் கண் மருத்துவம் என்னும் துறையை அவர் முன்மொழிந்தார். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் முதியோர் மையங்களுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் சென்று, கண்புரை, கண் அழுத்த நோய் போன்றவற்றை முன்கூட்டியே கண்டறிவது இதன் முறை. கண் அழுத்த நோயால் இழந்த பார்வை மீளாது என்பதால், நோயாளி வரும்வரை காத்திருப்பதில் பயனில்லை. 1976இல் பார்வையிழப்புத் தடுப்புக்கான அமெரிக்க நிறுவனத்தைச் சிலருடன் சேர்ந்து நிறுவினார்.

லாஸ் ஏஞ்சலிஸில் பேராசிரியப் பணியில் சேர்ந்தபோது, ஆய்வக விலங்குகளுக்கு அருகே நிலவறையில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அதை மறுத்துவிட்டார். 1983இல் அங்குக் கண் மருத்துவ முதுநிலைப் பயிற்சித் திட்டத்தின் தலைவரானார். அமெரிக்காவில் அத்தகைய பொறுப்பேற்ற முதல் பெண் இவரே.

லேசர் ஒளியை நுண்ணிழை வழியே செலுத்திக் கண்புரையைக் கரைத்து உறிஞ்சி எடுக்கும் கருவியை 1981இல் திட்டமிட்டார். ஐரோப்பிய ஆய்வகங்களில் சோதனைகளைத் தொடர்ந்தார். 1988இல் காப்புரிமை கிடைத்தது. எனினும் இன்றுவரை கண்புரை அகற்றப் பரவலாகப் பயன்படுவது மீயொலி முறைதான். தம் வாழ்வின் சிறந்த தருணமாகப் பாத் குறிப்பிட்டதும் இந்தக் கருவியை அன்று. வட ஆப்பிரிக்காவில் முப்பது ஆண்டுகள் பார்வையற்றிருந்த ஒரு பெண்ணுக்குச் செயற்கைக் கருவிழி பொருத்திப் பார்வை தந்ததையே அவர் கூறினார்.