மூன்று தவணை போதுமா? வேலூர் சொன்ன பதில்

போலியோ சொட்டு மருந்து முகாம் என்றாலே "போன தடவைதானே போட்டோம், மறுபடியும் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் வேலூரில் குழந்தைகளுக்குச் செய்த ரத்தப் பரிசோதனையில் கிடைத்தது.

போலியோ வைரஸில் 3 வகைகள் உள்ளன. மூன்றையும் பலவீனப்படுத்தி ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய சொட்டு மருந்து 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே 3 தவணை கொடுத்தாலே ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளின் ரத்தத்திலும் நோய் எதிர்ப்பொருள் உருவானது. அதே கணக்கு இந்தியாவுக்கும் வந்தது.

ஆனால் இங்கே 3 தவணையும் முடித்த குழந்தைகளில் சிலருக்கும் கால் முடங்கியது. மருந்து வெயிலில் கெட்டிருக்கும் என்று சொல்லிவிடுவது சுலபம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் அதோடு விட்டுவிடவில்லை. மருந்து பெற்ற குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார். 1972-ல் முடிவு வெளியானது. 3 தவணைக்குப் பிறகும் பல குழந்தைகளுக்கு எதிர்ப்பொருள் உருவாகவில்லை! குடலிலுள்ள வேறு வைரஸ்கள் மருந்தைத் தடுக்கின்றன என்ற விளக்கமும் அவருடைய ஆய்வில் பொருந்தவில்லை.

வளரும் நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1991-ல் வந்த கணக்கும் இதையே காட்டியது. 3 தவணைக்குப் பின் எதிர்ப்பொருள் பெற்ற குழந்தைகள்:

முதல் வகைக்கு: 73 சதவீதம்
இரண்டாம் வகைக்கு: 90 சதவீதம்
மூன்றாம் வகைக்கு: 70 சதவீதம்

கலவை மருந்தில் இரண்டாம் வகை முந்திக்கொண்டு குடலில் பெருகிவிடும். மற்ற இரண்டும் பின்தங்கும். ஒரு தவணையில் விடுபட்டது அடுத்த தவணையில் கிடைக்கலாம். அதனால்தான் குறைந்தது 5 தவணை வேண்டும் என்று ஜான் வாதிட்டார். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுக்கும் முறையையும் வேலூரில் அவரது குழு செய்து காட்டி, 1983-ல் எழுதியது. 1995-ல் அதே முறை நாடு முழுவதற்கும் வந்தது.

சொல்வது எளிது, செய்வது கடினம். கொல்லிமலையின் குண்டூர் நாடு போன்ற இடங்களுக்கு ஒவ்வொரு தவணையும் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஐஸ் பெட்டியில் குளிர் குறையாமல் போய்ச் சேர வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் பல தவணைகளுக்குப் பிறகும் நோய் அடங்கவில்லை. எனவே 2005-ல் ஒரே வகைக்கான மருந்தும், 2010-ல் இரு வகைக்கான மருந்தும் வந்தன. 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டதே இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு. 2014 மார்ச் 27 அன்று நாட்டுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது.

எத்தனை தவணை என்பதை வேறொரு நாட்டின் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நம் குழந்தைகளின் ரத்தம்தான் அதைச் சொல்ல வேண்டும். வேலூர் அதைத்தான் கேட்டுப் பார்த்தது.